லோமண்ட் கரையும் ரானக் மூரும்: ஓடப்போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்காட்லாந்தின் வெஸ்ட் ஹைலண்ட் வே பாதையில் பால்மஹாவிலிருந்து கிங்ஸ்ஹவுஸ் வரை மூன்று நாள் ஓட நீயும் நண்பர்களும் போட்டிருக்கும் திட்டத்தைப் படித்தேன். இடங்களையும் தங்குமிடங்களையும் நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். ஆனால் முதல் நாள் லோமண்ட் ஏரிக்கரை என்பதால் வேகமாக முடிக்கலாம் என்றும், மூன்றாம் நாள் ரானக் மூர் எனும் திறந்த சதுப்புவெளி என்பதால் மெதுவாகப் போகலாம் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த இரண்டையும் மாற்றிப் போடு, கண்ணா. ஏரிக்கரையில் எவ்வளவு மெதுவாகப் போனாலும் ஆபத்தில்லை. மூரில் மெதுவாகப் போவதுதான் ஆபத்து.

மில்கையிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வரை 154 கிலோமீட்டர் போகும் இந்தப் பாதை 1980-ல் திறக்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் முதல் அதிகாரபூர்வ நெடுந்தூர நடைபாதை இதுதான். நீங்கள் ஓடப்போவது அதன் நடுப்பகுதி, சுமார் 85 கிலோமீட்டர். பால்மஹா முதல் இன்வராரனன் வரை 35, அங்கிருந்து பிரிட்ஜ் ஆஃப் ஆர்கி 30, பிறகு கிங்ஸ்ஹவுஸ் 20 என்று வைத்துக்கொள். தூரம் குறைகிறதே என்று மூன்றாம் நாளை லேசாக எண்ணாதே.

முதலில் ஏரி. கிளாஸ்கோவிலிருந்து பாலக் வரை ரயில், அங்கிருந்து பால்மஹாவுக்குப் பேருந்து. அதிகாலை முதல் ரயிலையே பிடியுங்கள். பால்மஹா முதல் ரோவர்டென்னன் வரை 12 கிலோமீட்டரும் கரையோரம்தான், ஆனாலும் சமதளம் கிடையாது. முப்பது, நாற்பது மீட்டர் செங்குத்தாக ஏறி உடனே இறங்கும் சின்னச் சின்ன மேடுகள் வந்துகொண்டே இருக்கும். ஏற்றங்களில் நடந்துவிடுங்கள். ரோவர்டென்னனைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். மேலே போவது அகலமான வனச்சாலை, கீழே கரையை ஒட்டியது ஒற்றையடிப் பாதை. இரண்டும் பின்னால் ஒன்றுசேர்ந்துவிடும். கீழ்ப்பாதை அழகானது, நேரம் அதிகம் பிடிக்கும். மழை கொட்டினால் தயங்காமல் மேல்சாலையில் போங்கள்.

உண்மையான வேலை இன்வர்ஸ்னெய்ட் அருவிப் பாலத்தைக் கடந்த பிறகு தொடங்குகிறது. அங்கிருந்து இன்வராரனன் வரை பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். ஆனால் முதல் சில கிலோமீட்டருக்கு மலை நேராக ஏரிக்குள் இறங்குவதால் பாதைக்கென்று தனி இடமே இல்லை. பாறை இடுக்கு, ஓக் மர வேர், அடுத்த பாறை என்றுதான் போகும். சாதாரணப் பாதையில் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் ஓடுகிறவர்களுக்கு இங்கே பன்னிரண்டு நிமிடமாகும். இந்தப் பகுதிக்கு மட்டும் இரண்டரை மணி நேரம் ஒதுக்கு. ரோவர்டென்னனுக்குத் தாமதமாக வந்து, விட்ட நேரத்தை இங்கே பிடிக்கப் பார்ப்பவர்கள்தான் கணுக்காலைப் பிசக்கிக்கொள்கிறார்கள்.

நனைந்த வேர் பாசி படிந்த கிணற்றுப்படி மாதிரி, எந்த ரப்பரும் அதைப் பிடிக்காது. வேரின்மேல் கால் வைக்காதே, தாண்டி வை. பாறையில் விளிம்பை விட்டுவிட்டு, பாதம் முழுவதும் படியும்படி வை. அடிகள் குறுகலாக இருக்கட்டும். பார்வை காலடியில் நிற்காமல் மூன்று அடி முன்னால் போகட்டும். ஊன்றுகோல்களை இன்வர்ஸ்னெய்டிலேயே மடித்துப் பையில் சொருகிவிடுங்கள். இடுக்கில் மாட்டினால் கோல் முறியும், மணிக்கட்டும் தப்பாது. இரண்டு கையும் பாறையைப் பிடிக்கத் தேவைப்படும். உட்கார்ந்து இறங்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தே இறங்கு, அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பெரிய மூட்டையோடு நடப்பவர்கள் எதிரே வந்தால், அகலமான இடம் பார்த்து ஒதுங்கி அவர்களை முதலில் விடுங்கள்.

அந்தக் கரையில் காட்டு ஆடுகள் மேயும். செம்மறியும் உண்டு. அதனால் ஓடைத் தண்ணீரை வடிகட்டிப் புட்டியில் பிடித்துத்தான் குடிக்க வேண்டும். பாதையோரம் இடுப்பளவு வளர்ந்திருக்கும் பிராக்கன் பெரணியில் உண்ணி இருக்கும். முழங்கால்வரை காலுறை போடு. மாலையில் குளித்ததும் முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, இடுப்புப் பட்டை பதியும் இடம், அக்குள் எல்லாம் பார். ஒட்டியிருந்தால் நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழு. எண்ணெய் தடவுவது, நெருப்பு வைப்பது எல்லாம் வேண்டாம். உண்ணி கலங்கினால் அது கக்கும் கிருமி உனக்குள் போகும். பிறகு சில வாரங்களுக்குள் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ, லைம் நோயா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். மிட்ஜ் எனும் பொடிப்பூச்சி ஓடும்போது தொல்லை தராது. காற்றில்லாத மாலையில் நின்றால்தான் மொய்க்கும். முகவலை ஒன்று போதும், எடை ஒன்றுமே இல்லை.

இரண்டாம் நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பண்ணை வழிகள், காட்டுக்குள் ஏற்ற இறக்கம், டைன்ட்ரமில் கடை. மூன்றாம் நாளுக்கான சாப்பாட்டை அங்கேயே வாங்கிவிடு. அதற்கப்புறம் விடுதிகள் உண்டு, மளிகைக் கடை கிடையாது. உப்புப் போட்டு வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கும் பேரீச்சம்பழமும் குளிரிலும் மெல்ல வரும். கடலைமிட்டாய் கல்லாக இறுகிவிடும். மணிக்கு 40 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போகட்டும். பசிக்கும்வரை காத்திருக்காமல் முதல் அரை மணியிலேயே தொடங்கு.

இப்போது மூர். பனியுகத்தில் பெரும் பனிப்பாளம் குவிந்திருந்த இடம் அது. தண்ணீர் வடியாத கருங்கல் தரைமேல், மக்கிய செடிகொடியாலான பீட் சேறு ஆளை விழுங்கும் ஆழத்துக்குச் சேர்ந்திருக்கிறது. 1894-ல் திறந்த ரயில் பாதையை அதன் குறுக்கே போட்டபோது, மரவேரும் சுள்ளியும் மண்ணும் சாம்பலும் ஆயிரக்கணக்கான டன் கொட்டி, அந்தப் படுக்கையின்மேல்தான் தண்டவாளத்தை வைத்தார்கள். நீங்கள் ஓடும் வழி அந்தச் சேற்றின் மேற்கு ஓரமாக, பழைய கல் சாலைமேல் போகிறது. வழி தவறவே முடியாது. செப்டம்பர் தொடக்கத்தில் ஹீதர் புதர்ப்பூ இன்னும் ஊதாவாக இருக்கும். நல்ல வெளிச்சத்தில் அதற்கு இணையான இடத்தைத் தேடத்தான் வேண்டும்.

கால்கள் அங்கே படும் பாடு வேறு. சேற்றுக்கென்று விற்கும் எட்டு மில்லிமீட்டர் பல் வைத்த ஷூவை வாங்கிவிடாதே. உருட்டுக்கல்மேல் அந்தப் பற்கள் பாதத்தைக் குத்திக் குத்தி, பத்துக் கிலோமீட்டரில் முன்பாதம் எரியும். நான்கு, ஐந்து மில்லிமீட்டர் பல்லும் கனமான நடுமெத்தையும் உள்ளது வேர், கல் இரண்டுக்கும் பொருந்தும். தண்ணீர் புகாத ஷூவும் வேண்டாம். கணுக்கால் வழியாகப் புகுந்த தண்ணீர் அதைவிட்டு வெளியே வராது. மெல்லிய கம்பளிக் காலுறை, நாளுக்கு ஒரு மாற்று ஜோடி. சாலையின் ஓரப் புல்விளிம்பு கிடைக்கும் இடமெல்லாம் அதில் ஓடு.

பிரிட்ஜ் ஆஃப் ஆர்கியிலிருந்து ஒரு குன்றேறி இறங்கினால் இன்வரோரன். சற்றுத் தள்ளி விக்டோரியா பாலம், ஃபாரஸ்ட் லாட்ஜ். அதன்பின் பனிச்சறுக்கு மையம் வரும்வரை ஒதுங்க ஒரு கூரை இல்லை. அதனால் போவதா வேண்டாமா என்பதை இன்வரோரனிலேயே முடிவு செய்யுங்கள். மூரின் நடுவே இருக்கும் பா பாலத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. அங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். வடக்கே ஓடும்போது முதுகில் படுவதால் அதன் பலம் தெரியாது. பாதி வழியில் திரும்பினால் மழையும் காற்றும் முகத்தில் அறையும், அதே தூரத்துக்கு இரண்டு மடங்கு நேரமாகும். கிழக்கே ஏ82 சாலையில் வண்டி விளக்குகள் தெரியும். அதை நோக்கிக் குறுக்கே இறங்கவே கூடாது. நடுவில் சேறும் குட்டைகளும் பா ஆறும் கிடக்கின்றன.

ஓடும்வரை உன் உடம்பே அடுப்பு. நின்றால், நனைந்த சட்டையோடு சில நிமிடத்தில் குளிர் ஏறும். விக்டோரியா பாலத்தில், உடம்பு சூடாக இருக்கும்போதே, தையல்கள் ஒட்டி அடைத்த தொப்பி வைத்த மழை ஜாக்கெட்டையும் கையுறையையும் போட்டுவிடுங்கள். விரல் மரத்த பிறகு ஜிப்பை இழுக்க முடியாது. ஒவ்வொருவர் பையிலும் பாலிதீனில் சுற்றிய உலர்ந்த கம்பளி மேல்சட்டை, மழைக் கால்சட்டை, விசில், தலைவிளக்கு, உள்ளே நுழைந்துகொள்ளும் அவசரப் பை இருக்க வேண்டும். பொட்டலமாக வரும் தகட்டுப் போர்வை அந்தக் காற்றில் கிழிந்து பறந்துவிடும்.

மூவரும் ஒருவர்மேல் ஒருவர் கண் வைத்திருங்கள். பேச்சு குழறினால், கால் காரணமில்லாமல் தடுமாறினால், கையிலிருந்து பொருள் நழுவினால், உடம்பு ஆபத்தாகக் குளிர்ந்துபோவதன் தொடக்கம் அதுவே. 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று அவர் சொல்வதை நம்பாதே. உலர்ந்த சட்டை மாற்றி, இனிப்பு கொடுத்து, நடக்க முடிந்தால் நடுவில் வைத்து நடத்து. நடுக்கம் நின்றுபோய் ஆள் மந்தமானால் நிலைமை மோசம் என்று பொருள். அவசரப் பைக்குள் படுக்கவைத்து 999 கூப்பிடு. முதலில் போலீஸ் என்று கேள், பிறகு மலை மீட்புக் குழு என்று சொல். ஊரிலிருந்து கிளம்புமுன்பே மூவரும் உங்கள் கைபேசி எண்களைக் குறுஞ்செய்தி வழி 999-ல் பதிவு செய்துவிடுங்கள். பேசும் அளவுக்குச் சிக்னல் இல்லாத இடத்தில் குறுஞ்செய்தி சில நேரம் போகும். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊது.

பா பாலத்துக்கு அப்பால் சுமார் 445 மீட்டர் வரை ஏறி, பிறகு நீண்ட இறக்கம். அங்கே பாய்ந்து ஓடினால் தொடை கட்டிக்கொள்ளும், கவனம். ஏ82-ஐக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார், வண்டிகள் கடும் வேகத்தில் வரும். திரும்பும் பேருந்துக்கு இருக்கையை முன்பே பதிவு செய். நீங்கள் பிரிட்ஜ் ஆஃப் ஆர்கியிலிருந்து கிளம்பும் நேரத்தையும் கிங்ஸ்ஹவுஸ் சேரும் நேரத்தையும் எனக்கு எழுதி அனுப்பு. சொன்ன நேரம் தாண்டி இரண்டு மணி நேரமாகியும் செய்தி வராவிட்டால் முதலில் விடுதியைக் கூப்பிடுவேன், பிறகு போலீஸை. அதனால் போய்ச் சேர்ந்ததும் குளிக்குமுன் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா