ஆண்டறிக்கை: செவிலிய மாணவர்களின் குடியிருப்புக் களப்பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, செவிலியப் பயிற்சி ஆசிரியர்களே, களப்பணிக்குச் சென்றுவந்த மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளைப் பேரவையின் முன் வைக்கிறேன். களப்பணி நாட்களின் எண்ணிக்கையும் வருகைப் பதிவும் இணைப்பில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். அந்தப் பட்டியல்களில் தெரியாதவற்றைச் சொல்வதற்கே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறேன்.

முந்தைய ஆண்டுகளில் நமது பணி பெரும்பாலும் ஒருநாள் முகாம்களாகவே இருந்தது. மருத்துவ வசதி எளிதில் எட்டாத பகுதி ஒன்றில் மேசை போட்டு, வருவோருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து, மாலையில் திரும்பிவிடுவோம். இவ்வாண்டு அதைக் குறைத்துக்கொண்டு, குறிப்பிட்ட சில தெருக்களை மட்டும் தேர்ந்து, அதே வீடுகளுக்கு அதே மாணவர்கள் மீண்டும் மீண்டும் செல்வதென்று செயற்குழு முடிவு செய்தது. அந்த முடிவு சரியானதென்பதை முதல் நாளிலேயே ஒரு பெரியவர் உணர்த்திவிட்டார். கையை நீட்டுவதற்கு முன்பே அவர், “போன வருஷமும் ரெண்டு பிள்ளைங்க வந்து, பிரஷர் அதிகம்னு எழுதிக்கிட்டுப் போனாங்க. அப்புறம் யாரும் வரலையேம்மா” என்றார். எழுதிக்கொண்டு போனவர்கள் நம் மாணவர்கள்தாம். பழைய பதிவேட்டில் அவர் பெயரும் அளவும் இருந்தன, அதற்குமேல் ஒரு வரியும் இல்லை.

ரத்த அழுத்தம் பார்ப்பதிலேயே நாம் திருத்திக்கொள்ள வேண்டியவை பல இருந்தன. 140/90 என்ற எல்லையைத் தாண்டிய ஒரே ஓர் அளவை வைத்து ஒருவரை நோயாளி என்று சொல்லிவிடக் கூடாது, வேறொரு நாளும் பார்க்க வேண்டும் என்பது பாடத்தில் இருப்பதுதான். முகாமில் அதற்கு வழியில்லை. படியேறி வந்தவரை உடனே உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளந்த நாட்களும் உண்டு. இவ்வாண்டு ஐந்து நிமிடம் அமைதியாக அமர வைப்பது, முதுகுக்குச் சாய்மானம் தருவது, கையை இதயத்தின் மட்டத்தில் தாங்கி வைப்பது, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டாம் முறை பார்ப்பது ஆகியவை கட்டாயமாக்கப்பட்டன. பருத்த கையுடைய ஓர் அம்மையாருக்கு மூன்று வருகைகளிலும் அளவு மிகுதியாகவே காட்டியது. நான்காம் முறை உடன்சென்ற ஆசிரியர், கருவியின் கைப்பட்டையினுள் இருக்கும் காற்றுப்பை கையைச் சுற்றிப் பாதிதான் வருகிறது என்பதைக் கவனித்துப் பெரிய பட்டையை மாற்றிக் கட்டினார். அளவு கணிசமாக இறங்கியது. காற்றுப்பை கையின் சுற்றளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைச் சுற்ற வேண்டும் என்பதைத் தேர்வில் எழுதிய மாணவியே அன்று கருவியைப் பிடித்திருந்தார். அதன் பிறகு ஒவ்வொரு பையிலும் இரண்டு அளவுப் பட்டைகள் இருக்கின்றன.

சர்க்கரை நோயாளிகளின் பாதப் பரிசோதனை இவ்வாண்டின் புதிய பணி. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, கண்ணை மூடியிருப்பவர் அதை உணர்கிறாரா என்று பார்க்கும் எளிய சோதனை அது. எத்தனையோ கருவிகளுக்கு மசியாத அலட்சியத்தை இந்த இழை அசைத்துவிட்டது; தொட்டது தனக்குத் தெரியவில்லை என்பதைத் தாமே அறியும்போது, செருப்பில்லாமல் நடக்க வேண்டாம் என்ற அறிவுரை அவர்கள் காதில் ஏறுகிறது. குழந்தைகளுக்கு மேல்கையின் சுற்றளவை அளக்கும் நாடாவால் ஊட்டநிலை பார்க்கப்பட்டது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் வந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்புவது விதி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர்களைக் காசநோய்க்கான சளிப் பரிசோதனைக்கு அனுப்பும் பணியும் வழக்கம்போல் நடந்தது.

செவிலியர் பையைக் கீழே செய்தித்தாள் விரித்து வைப்பதும், திறக்குமுன் கைகழுவுவதும் முதலில் கற்பிக்கப்படும் நெறிகள். குழாய் வசதியற்ற ஒரு வீட்டில் மாணவர் கைகழுவத் தண்ணீர் கேட்டபோது, அந்த வீட்டுப் பெண், நாள் முழுவதற்குமென நிறைத்து வைத்திருந்த ஒரே பாத்திரத்திலிருந்து முகம் சுளிக்காமல் ஊற்றினார். மறுவாரத்திலிருந்து நம் மாணவர்கள் தண்ணீரைத் தாங்களே எடுத்துச் செல்கிறார்கள்.

குறைகளையும் மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும். நாம் பரிந்துரைச் சீட்டுடன் அனுப்பியவர்களில் சிலர் ஒரு மருத்துவமனையில் சீட்டைப் படிக்காமலேயே திருப்பி அனுப்பப்பட்டனர். இதுபற்றி எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. எனினும் அந்தச் சீட்டுகளின் படிகளைப் பார்த்தபோது, “பிபி அதிகம்” என்பதற்குமேல் நாமும் எதுவும் எழுதவில்லை என்பது தெரிந்தது. எந்தெந்த நாளில் என்ன அளவு, தற்போது உண்ணும் மாத்திரை என்ன, எதற்காக அனுப்புகிறோம் என்ற மூன்றும் இல்லாத சீட்டில் இனி ஆசிரியர் கையொப்பமிட மாட்டார். இன்னொரு நிகழ்வில் ஒரு மாணவர், நல்லெண்ணத்தில்தான், காலை மாத்திரையை இரவுக்கு மாற்றிக்கொள்ளும்படி ஒரு முதியவரிடம் சொல்லிவிட்டார். அடுத்த வருகையில் அது தெரியவந்து, மருத்துவரைக் கேட்டுச் சரிசெய்யப்பட்டது. மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றிச் சொல்லும் அதிகாரம் மாணவருக்கு இல்லை என்பதை இங்கே மீண்டும் பதிவு செய்கிறேன்.

மே 12 செவிலியர் நாள் கூட்டத்தில், வீடுதேடிச் செல்லும் செவிலியப் பணியின் தொடக்கம் பற்றி மூத்த உறுப்பினர் ஒருவர் உரையாற்றினார். 1859-இல் லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்பவர், தம் மனைவியின் இறுதி நாட்களில் பணிசெய்த மேரி ராபின்சன் என்ற செவிலியரை ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று பணிபுரிய அமர்த்தினார். ஒரு மாதத்திலேயே அங்குள்ள துயரத்தைத் தாங்க இயலாமல் விலகிவிடுகிறேன் என்று வந்து நின்ற அவர், பின்னர் மனம் தேறிப் பணியைத் தொடர்ந்தார். 1893-இல் நியூயார்க்கில் லிலியன் வால்ட் என்ற செவிலியர் வீட்டுச் செவிலியம் பற்றிய வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது, தன் தாயைக் காப்பாற்றும்படி ஒரு சிறுமி வந்து அழைத்ததும் அங்கே பேசப்பட்டது. கூட்டம் முடிந்தபின் முதலாண்டு மாணவி ஒருவர், அந்த ஒரு மாதக் கதையைத் தமக்காகவே சொன்னதுபோல் இருந்தது என்றார். களத்துக்குப் போய்வந்த மாலையில் மாணவர்கள் அமர்ந்து பேச அரைமணி நேரம் ஒதுக்கும் வழக்கம் அதன்பின் ஏற்பட்டது.

தீராமல் நிற்கும் சிக்கல் ஒன்று உண்டு. பருவத்தேர்வு வந்தால் மாணவர்கள் போய்விடுகிறார்கள். படிப்பு முடிந்தால் திரும்புவதே இல்லை. புதியவர் வரும்போது அந்த வீட்டார் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. எனவே வரும் ஆண்டில், விடைபெறும் மாணவர் தமக்குப் பின் வருபவரை ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் அழைத்துச் சென்று, குடும்பக் கோப்பை அங்கேயே ஒப்படைப்பதற்குத் தேர்வுக்கு முன் ஒரு வாரத்தை ஒதுக்க வேண்டுமென்று செயற்குழு முன்மொழிகிறது. விடுமுறை வாரங்களில் ஆசிரியர்கள் முறைவைத்துச் செல்வது பற்றி இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. அதையும் இன்றே பேசி முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் குறிப்பிட்ட பெரியவர் இப்போது தொடர்ந்து மாத்திரை உட்கொள்கிறார். கோப்பில் அவருக்கெனத் தனிப் பக்கம் இருக்கிறது. அடுத்த வருகைக்குரிய நாளும் அதில் குறிக்கப்பட்டுள்ளது.

வாசலைத் திறந்து உள்ளே அழைத்த குடும்பங்களுக்கும், களத்தில் உடன்நின்ற ஆசிரியர்களுக்கும் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்