பழைய புகைக்கூடத்தைக் கேட்டு மாவட்ட மன்றத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட மன்றத் தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் தாமானின் (குடியிருப்பின்) பின்சந்துகளில் அமலாக்க அதிகாரிகள் ஒட்டிச் சென்ற அறிவிப்பைப் பற்றி எழுதுகிறேன். வீட்டு வளாகத்தில் பழைய சமையல் எண்ணெயிலிருந்து டீசல் காய்ச்சுவோரும், விறகிலிருந்து எரியும் வாயு எடுக்கும் விறகுவாயுக் கலன் அமைத்து இயந்திரம் ஓட்டுவோரும் 30 நாள்களுக்குள் அவற்றை அகற்ற வேண்டும் என்றும், தவறினால் பொருள்கள் பறிமுதல் செய்யப்படும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அந்த அறிவிப்பில் பாதி சரி. இந்த வேலை வீட்டின் பின்கட்டில் நடக்கக் கூடாது என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் வேறோர் இடத்தைக் காட்டாமல் அகற்று என்று மட்டும் சொன்னால், இன்று பின்கட்டில் இருப்பது நாளை சமையலறைக்கும் பூட்டிய ஸ்டோர் அறைக்கும் போய்விடும். அதை எண்ணித்தான் எனக்கு உறக்கம் வருவதில்லை. அந்த வேறோர் இடமாக, ரப்பர் தட்டுகளை உலர்த்திய பழைய புகைக்கூடத்தைக் கேட்டே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் செம்பனை எண்ணெய் ஆலையின் சோதனைக்கூடத்தில் 26 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஒவ்வொரு ஷிப்டிலும் தொட்டியிலிருந்து எண்ணெய் எடுத்து, அதில் எண்ணெய் கெடக் கெடக் கூடும் கட்டுறாத கொழுப்பு அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் என் முதல் வேலை. அது 5 விழுக்காட்டை நெருங்கினாலே ஆலையில் எல்லாருக்கும் பதற்றம் வந்துவிடும். 2024 ஜூன் 10-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியபோது, தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவி அறிவிக்கப்பட்டது உண்மைதான். அந்தத் தகுதிக்குள் வராதவர்களும், வந்தும் அத்தொகை ஒரு வாரத்துக்குக் கூடப் போதாதவர்களும் எங்கள் வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். சொந்தமாக ஒரு பழைய லோரி வைத்துச் செம்பனைக் குலை ஏற்றும் பக்கத்து வீட்டுத் தம்பி அவர்களுள் ஒருவர். அந்த ஆண்டு ஒரு நாள் மாலை, கறுத்த எண்ணெய் நிரம்பிய போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து, "அக்கா, இதற்கு எவ்வளவு காஸ்டிக் சோடா போட வேண்டும்?" என்று கேட்டார். கேட்பதற்கு முன்பே எட்டு முறை அளவு பார்க்காமல் காய்ச்சியிருந்தார்.

செய்முறை கடினமானதன்று, அதுதான் அதன் ஆபத்தும். 100 லிட்டர் பழைய எண்ணெயை வடிகட்டி, அதிலுள்ள நீர் போகக் காய்ச்சி, 55 பாகை செல்சியஸுக்கு ஆறவிட்டு, ஏறத்தாழ 20 லிட்டர் மெத்தனால் என்னும் நச்சுச் சாராயத்தில் கரைத்த காஸ்டிக் சோடாவை அதில் சேர்த்துக் கலக்கினால், சில மணி நேரத்தில் கிளிசரின் பழுப்பாக அடியில் தங்கி, மேலே மெல்லிய மஞ்சள் எரிபொருள் தெளிந்து நிற்கும். புது எண்ணெயாக இருந்தால் லிட்டருக்கு 3.5 கிராம் சோடா போதும். வறுத்து வறுத்துக் கறுத்த எண்ணெயில் அமிலம் கூடியிருப்பதால் சோடாவும் கூடுதலாக வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பது, எண்ணெய் மாதிரியில் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பினாப்தலீன் என்னும் நிறங்காட்டி இளஞ்சிவப்பாகி அந்நிறம் மறையாமல் நிற்கும் இடத்தில் நிறுத்தி அளந்தால்தான் தெரியும். குறைத்துப் போட்டால் எண்ணெயில் ஒரு பகுதி மாறாமல் நின்று இயந்திரத்தில் எரிபொருள் பீய்ச்சும் ஊசிகளை அடைக்கும். கூட்டிப் போட்டால் பீப்பாய் முழுவதும் சவர்க்காரமாகும். நாள்தோறும் கொதிக்கும் கோரெங் பீசாங் என்னும் வாழைப்பழப் பஜ்ஜிக் கடை எண்ணெயும், தீபாவளிக்கு இரண்டு நாள் முறுக்குச் சுட்டு மூடி வைத்த எண்ணெயும் ஒன்றாக இருக்க முடியாது. ஒவ்வொரு பீப்பாயையும் அளந்தே ஆக வேண்டும். அன்று முதல் எங்கள் வீட்டு முன்வாசலில் ஒரு மேசை போட்டு, கேட்டு வரும் எல்லாருக்கும் இதை அளந்து கொடுத்து வருகிறேன். மன்றம் என்மீது நடவடிக்கை எடுக்க விரும்பினால் இதை ஒப்புதலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இந்த அறிவு எங்கிருந்தோ வந்த விபரீதம் என்று அறிவிப்பை எழுதியவர்கள் நினைத்திருக்கலாம் என்பதால் சிலவற்றை நினைவூட்டுகிறேன். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது. தாவர எண்ணெயைச் சாராயத்தோடு வினைபுரியச் செய்து எரிபொருளாக்கும் முறைக்கு 1937-இல் பெல்ஜியத்தில் காப்புரிமை வழங்கப்பட்டது, அடுத்த ஆண்டே செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளில் பிரசல்ஸுக்கும் லூவானுக்கும் இடையே பேருந்து ஓட்டினார்கள். ஆக, உலகில் முதன்முதலில் இப்படி ஓடிய பொதுப் பேருந்துகளில் ஒன்று நம் தோட்டங்களில் விளையும் அதே பழத்தின் எண்ணெயில்தான் ஓடியது. நம் நாட்டின் செம்பனை ஆய்வாளர்கள் 1980-களிலேயே இதில் இறங்கிவிட்டார்கள். 2019 முதல் போக்குவரத்துக்கான டீசலில் 10 விழுக்காடு செம்பனை எரிபொருள் கலக்கப்படுகிறது. லங்காவியில் 2020-இல் 20 விழுக்காடு தொடங்கியது. குளிரில் இந்த எரிபொருள் தடித்துவிடும் என்பதால் கேமரன் மலை, கெந்திங் மலை போன்ற இடங்களுக்கு மட்டும் 7 விழுக்காட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அந்தக் கவலையும் இல்லை.

இனி, மறைக்காமல் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் தாமானுக்கு அடுத்த தாமானில், படிவம் 5 வரை பள்ளி முடித்த ஒரு பையன், மெத்தனாலும் சோடாவும் விரைவில் கரையட்டும் என்று போத்தலைக் கேஸ் அடுப்பின் அருகே வைத்திருக்கிறான். நண்பகல் வெயில். மெத்தனால் எரியும்போது புகை இல்லை, சுவாலை கண்ணுக்குத் தெரிவதும் அரிது. மகன் இரண்டு கைகளையும் உதறிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்ததைப் பார்த்த தாய்க்கு, அவன் கையில் தீப்பற்றியிருக்கிறது என்பதே தெரியவில்லை. ஏதோ பூச்சி கொட்டிவிட்டதாக நினைத்து அவனைப் பிடித்து இழுத்த அவர் கையும் வெந்தது. இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். மெத்தனால் 65 பாகையில் கொதிக்கத் தொடங்கும் என்றாலும், 12 பாகையிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். நம் ஊரில் அதிகாலையில் கூட அவ்வளவு குளிர் கிடையாது. அதாவது, மூடி திறந்திருக்கும் ஒவ்வொரு மெத்தனால் கலமும் நம்மிடம் எந்நேரமும் தீக்குச்சிக்குக் காத்திருக்கிறது. மூடிய அறையில் அதைக் கையாள்வது தற்கொலைக்குச் சமம் என்று என்னிடம் வரும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். ஆனால் சொல்லி அனுப்பும் என்னால் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க முடிவதில்லை.

இன்னொரு கவலையும் உண்டு, அது தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உடனே விளங்கும். சம்சு என்னும் மலிவுச் சாராயம் எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். அவர்களுள் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மிகுதி. மெத்தனாலுக்குச் சாராய வாடை உண்டு. சிறிதளவே கண்பார்வையைப் பறித்துவிடும். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளின் பின்னால் பெயர் ஒட்டாத போத்தல்களில் அது இருக்கிறது என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு நடுங்குகிறது. கிளிசரினையும் கழுவிய நீரையும் சாக்கடையில் விடுகிறார்கள் என்று உங்கள் அறிவிப்பு குற்றம் சாட்டுவதும் உண்மையே. சோடாவும் சவர்க்காரமும் மெத்தனாலும் கலந்த அந்த நீர் நேராக ஆற்றுக்குப் போகிறது. அதைச் சேகரித்து வைக்க ஒரு தொட்டி வேண்டும். வரிசை வீட்டில் அதற்கு இடம் ஏது?

விறகுவாயுவைப் பற்றி அறிவிப்பில் ஒரே வரிதான் இருக்கிறது. ஆனால் உயிரை அதிகம் வாங்கக்கூடியது அதுதான். ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு வண்டிகள் ஓடியதை என் தந்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதே போர்க்காலத்தில் ஜெர்மனியிலும் சுவீடனிலும் இலட்சக்கணக்கான வண்டிகள் விறகில் ஓடின. விறகைக் குறைந்த காற்றில் முழுதும் எரியவிடாமல் வேகவைத்து, அந்தப் புகையைச் செந்தணலின் ஊடே கீழ்நோக்கி இழுத்தால் தார் உடைந்து எரியும் வாயு கிடைக்கிறது. வடிகட்டி, குளிர்வித்து, அதை இயந்திரத்துக்குள் விடுகிறார்கள். ஏறத்தாழ 3 கிலோ உலர்ந்த விறகு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாகும். டீசல் இயந்திரத்தில் பற்றவைக்கச் சிறிது டீசல் தேவை என்றாலும், நன்றாக அமைத்தால் முக்கால் பங்கு வரை மிச்சம் பிடிக்கலாம். விறகுக்கும் இங்கே குறைவில்லை. பால்மரம் என்னும் ரப்பர் மரத்தை 25, 30 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்யும்போது அடிமரம் மரத்தளவாட ஆலைக்குப் போகிறது, கிளைகள் கிடந்து மட்குகின்றன. (வெட்டிய செம்பனை மரத்தைப் பயன்படுத்த முயல்கிறவர்களைப் பார்க்கிறேன், அது நீர் சுமந்த மரம், வாயுவுக்கு உதவாது. ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால்தான் தார் குறைந்த வாயு வரும்.)

அந்த வாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. மூச்சுக்காற்றில் அது நூறில் ஒரு பங்கு கலந்தாலே சில நிமிடங்களில் உயிர் போய்விடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆற்றோரக் காய்கறித் தோட்டம் ஒன்றில், பீப்பாயில் செய்த கலனை நீரிறைக்கும் இயந்திரத்தோடு இணைத்து, மழைக்கு ஒதுக்குப்புறமாகத் தகரக் கொட்டகைக்குள் வைத்திருந்தார்கள். மூன்று பேருக்குத் தலைவலி வந்தது. வெயில் தலைவலி என்று உள்ளேயே படுத்துவிட்டார்கள். தேநீர் கொண்டுபோன பெண் கதவைத் திறந்திராவிட்டால் மூன்று சாவு விழுந்திருக்கும். உங்கள் அதிகாரிகள் பறிமுதல் செய்ய வரும்போதும் கலனுக்குள் அந்த வாயு நின்றிருக்கும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். ஆறாத கலனை அவர்கள் திறக்கக் கூடாது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ரப்பர் தோட்டம் வீட்டுமனைகளாக்கப்பட்டபோது மன்றத்தின் கைக்கு வந்த நிலத்தில், ரப்பர் தட்டுகளைப் புகையில் உலர்த்திய பழைய புகைக்கூடம் இன்னும் நிற்கிறது. உடைந்த குப்பைத்தொட்டிகளும் சாலைப் பலகைகளும்தான் இப்போது அதில் கிடக்கின்றன. செங்கல் சுவர், சிமெண்டுத் தரை, புகை போவதற்காகவே கூரையில் வைத்த திறப்புகள், அருகில் வீடுகள் இல்லாத இடம்: வேறு வேலைக்காகக் கட்டியதாயினும் இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான கட்டடம் இந்த ஊரில் இல்லை. அதைப் பொதுக் கூடமாக எங்கள் கூட்டுறவுக் கழகத்துக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுங்கள். மெத்தனால் அங்கே பூட்டிய தனிக் கூண்டில், பெயரும் அளவும் எழுதிய கலத்தில், ஒரே ஒருவர் கையில் சாவியோடு இருக்கட்டும். விறகுவாயுக் கலன் கூரைக்கு வெளியே, திறந்த வெளியில் மட்டும் நிற்கட்டும். அருகே கார்பன் மோனாக்சைடைக் கண்டால் ஒலிக்கும் கருவி இருக்கட்டும். கழிவுநீர் சாக்கடையோடு சேராதபடி தொட்டி கட்டுவதற்கான செலவைக் கழகம் ஏற்கும். பொம்பா என்று நாம் சொல்லும் தீயணைப்பு மீட்புத் துறையினர் வந்து பார்த்து, சரி என்று சொன்ன பிறகே முதல் பீப்பாய் காயட்டும்.

2007-ஆம் ஆண்டின் உயிரி எரிபொருள் தொழில் சட்டப்படி உற்பத்திக்கு உரிமம் வேண்டும் என்பதும், அந்த உரிமம் மன்றத்தின் கையில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தனித்தனியாக நாற்பது வீடுகள் அதைக் கேட்க முடியாது. முகவரியும் பாதுகாப்பான கூடமும் உள்ள ஒரு கழகம் கேட்கலாம். மன்றத்தின் ஆதரவுக் கடிதம் ஒன்று எங்கள் விண்ணப்பத்தோடு போனால் அதுவே பெரிய உதவி. உரிமம் மறுக்கப்பட்டால் காய்ச்சுவதை நிறுத்துவோம். அப்போதும் பழைய எண்ணெயைச் சேகரித்து ஒரே இடத்திலிருந்து வணிகர்களுக்கு விற்கலாம். கடைக்காரர்கள் சாக்கடையில் ஊற்றுவது அத்தோடு நிற்கும். சொந்தமாக டீசல் வண்டி இல்லாதவர்களுக்கு அதுவே ஆதாயமானதும் கூட, எரிபொருள் காய்ச்சுவது எல்லாருக்கும் இலாபம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அறிவிப்பில் குறித்த 30 நாள் கெடுவை மூன்று மாதமாக நீட்டியும், அந்த மூன்று மாதத்துக்குள் பொருள்களைப் புகைக்கூடத்துக்கு ஒப்படைப்பவர்கள்மீது அபராதம் இல்லை என்று தமிழிலும் மலாயிலும் எழுதியும் மறு அறிவிப்பு ஒட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மன்றக் கூட்டத்தில் எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால், கறுத்த எண்ணெயும் சோடாக் கரைசலும் பினாப்தலீனும் கொண்டு வருகிறேன். எட்டு முறை அளக்காமல் காய்ச்சிய அந்த லோரிக்காரத் தம்பியும் உடன் வருவார். இப்போது அவரே அளப்பார்.

இப்படிக்கு,
தங்கள் மாவட்டத்துக் குடியிருப்பாளர்,
செம்பனை ஆலைச் சோதனைக்கூட முன்னாள் பணியாளர்