மாதச் சம்பளத்தை இரண்டு தவணையாகக் கொடுங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரச் செம்பனைத் தோட்ட நிர்வாகிகளுக்கும் தொழிற்சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். சம்பளப் பட்டியலும் முன்பணக் கணக்கும் எழுதியே என் காலம் போனது. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 ரிங்கிட் ஆனது. அதற்காகக் குரல் கொடுத்த அனைவருக்கும் நன்றி. ஆனால் அந்தப் பணம் எந்தத் தேதியில் கைக்கு வருகிறது என்பதை யாரும் பேசுவதில்லை.

இருபதாம் தேதிக்கு மேல், காலையில் ஆள்கள் கூடும் பெரட்டுக்களத்தில் நின்று பாருங்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர், அவரவர் வெட்ட வேண்டிய மர வரிசையான நிரையைச் சொல்லும்போது சிலர் காதில் அது விழுவதே இல்லை. கடைப் பாக்கி, பிள்ளையின் பஸ் கட்டணம், மாலையில் வாசலுக்கு வரப்போகும் வட்டிக்காரன் என்று மனம் வேறெங்கோ அலைகிறது. அந்த நாள்களில்தான் பழுக்காத குலையை வெட்டிவிடுகிறார்கள். உதிரிப் பழத்தைப் பொறுக்காமல் விடுகிறார்கள். நாமும் உடனே ‘பொறுப்பில்லாதவன்’ என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை ஆய்வாளர்கள் அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். முடிவு 2013இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வந்தது. கையில் காசில்லாத நாள்களில் சிந்தனைச் சோதனைகளில் தடுமாறிய அதே மனிதர்கள், அறுவடைப் பணம் வந்தபின் நன்றாகச் செய்தார்கள். ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளர்களிடமும் ஓர் ஆய்வு நடந்தது. சேர்ந்திருந்த கூலியைச் சில நாள் முன்னதாகக் கொடுத்ததும் அவர்கள் அதிகமாகத் தைத்தார்கள், பிழையும் குறைந்தது. கூலி ஒரு காசுகூட உயர்த்தப்படவில்லை. பணியிட உளவியலிலிருந்து நம் தோட்டங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது முதலில் இதைத்தான்.

முன்பணம் கொடுக்கிறோமே என்பீர்கள். அலுவலகச் சன்னலுக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்தபடி, முன்னால் நிற்பவர் போகட்டும் என்று ஒதுங்கி நின்று, தாழ்ந்த குரலில் கேட்கும் பணம் அது. பாடுபட்டுச் சம்பாதித்ததையே கடனாகக் கேட்க வைக்கிறோம். அந்தக் கூச்சத்துக்குப் பயந்தே பலர் வட்டிக்காரனிடம் போகிறார்கள்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், சம்பளக் காலம் ஒரு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொடுப்பதற்குச் சட்டத்தில் தடையில்லை. கிராணிக்கு வேலை கூடும், உண்மைதான். ஆனால் குலைக் கணக்கை நாள்தோறும் எழுதத்தானே செய்கிறோம்?

மண்டோர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கிய இளைஞன் மறுநாள் பெரட்டுக்கு வருவதில்லை; ஈப்போவில் காவல் வேலை தேடிப் போய்விடுகிறான். தவற்றைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

தோட்டத்தின் ஒரே ஒரு பிரிவில் (டிவிஷனில்), மூன்று மாதம், இரண்டு தவணையாகக் கொடுத்துப் பாருங்கள். பழுக்காத குலை எத்தனை, வேலைக்கு வராதவர் எத்தனை, முன்பணம் கேட்டவர் எத்தனை என்று பழைய மாதங்களோடு ஒப்பிடுங்கள். கணக்கெழுத ஆள் இல்லையென்றால் கூலி வாங்காமல் நான் வந்து எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்