கேள்விகளை எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோருக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாசித்ததைப் புரிந்துகொள்ளும் திறன் வளர, தினமும் ஒரு பத்தியும் அதன்கீழ் ஐந்து கேள்விகளும் கொடுங்கள் என்று கட்டுரையாளர் சொல்லியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நான் அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பிழைத்தவன். அந்த வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு பக்கத்தை எழுத்து எழுத்தாகப் படித்து, விட்டுப்போன ஒற்று, இடம் மாறிய கொம்பு, தேவையில்லாத கால் என்று எல்லாவற்றையும் குறித்துக் கொடுத்துவிடலாம். அதில் என்ன எழுதியிருந்தது என்று யாராவது கேட்டால் முழிக்க வேண்டியதுதான். (உங்கள் நாளிதழில் இப்போதெல்லாம் ஒற்றை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அதற்குத் தனிக் கடிதம் எழுதுகிறேன்.)

என் மகள் தன் ஒன்பது வயது மகனை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறாள். வாசிப்பு நேரம் என் பொறுப்பு. பையன் தடங்கலே இல்லாமல், ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பான். புத்தகத்தை மூடிவிட்டு, "என்னடா கதை?" என்றால், நான் அச்சகத்தில் முழித்த அதே முழி. ஆனால் அடியில் இருக்கும் ஐந்து கேள்விகளுக்கும் சரியாகப் பதில் எழுதிவிடுவான். என் மகளைக் குழப்பியது இதுதான். பயிற்சித் தாளில் முழு மதிப்பெண் வாங்குகிறவனுக்குக் கதை தெரியவில்லை என்றால் எப்படி?

அவளுக்குக் காட்டுவதற்காக ஒரு தாளில் இப்படி எழுதினேன்: "சிமுளன் மாலையில் பட்டோறையை நெகுத்தான். அதனால் கொவ்விகள் துறண்டன." கீழே இரண்டு கேள்விகள். பட்டோறையை நெகுத்தவன் யார்? கொவ்விகள் ஏன் துறண்டன? பேரன் பென்சிலை எடுத்தான். "சிமுளன் பட்டோறையை நெகுத்ததால் கொவ்விகள் துறண்டன" என்று முழு வாக்கியமாகவே எழுதி நீட்டினான். அத்தனையும் நானாகக் கட்டிவிட்ட சொற்கள், ஒன்றுக்கும் பொருள் கிடையாது. வேற்றுமை உருபு எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும், பதில் வந்துவிடுகிறது. கேள்வித் தாள் பிள்ளைக்குத் தேடத்தான் கற்றுக்கொடுக்கிறது. தேடத் தெரிவதும் தேவைதான், அதைப் புரிதல் என்று நினைத்துக்கொள்வதில்தான் கோளாறு.

சரி, கோளாறு எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1986-இல் கோஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எளிய கணக்கு ஒன்று சொன்னார்கள். எழுத்தைச் சொல்லாக்கிப் படிக்கும் திறன் ஒன்று, காதால் கேட்டதைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்வது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். வீட்டில் இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு பத்தியைப் பிள்ளை வாசிக்கட்டும், அதே அளவுள்ள இன்னொன்றை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். காதால் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறது, தானே வாசித்ததைச் சொல்ல முடியவில்லை என்றால் தகராறு வாசிப்பில். இரண்டிலும் முடியவில்லை என்றால் சொல்வளத்தையும் அந்தப் பொருள் பற்றிய அறிவையும் கவனிக்க வேண்டும். என் பேரன் நான் வாசித்ததை ஓரளவு சொன்னான். அவன் கவனமெல்லாம் அழகாக வாசித்துக் காட்டுவதிலேயே போயிருந்தது. அன்றிலிருந்து அவன் பங்கை மனதுக்குள்தான் வாசிக்கிறான்.

அப்புறம் நாங்கள் பிடித்துக்கொண்டது ஒரு பழைய வழி. சார்லட் மேசன் (1842–1923) என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் வகுத்தது. ஒரே ஒரு முறை வாசிப்பது, புத்தகத்தை மூடுவது, கேட்டதைப் பிள்ளை தன் வார்த்தைகளில் திருப்பிச் சொல்வது. ஆறு வயதுக்கு மேல்தான் இதைக் கேட்க வேண்டும், அதற்கு முன்பு தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. எழுதிக் காட்டச் சொல்வது பத்து வயதையொட்டி. ஒரு முறைதான் வாசிக்க வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். இன்னொரு தடவை கிடைக்கும் என்று தெரிந்தால் முதல் தடவை யார் காது கொடுப்பார்கள்? புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதில் பலன் இருக்கிறது என்பதைப் பின்னால் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி இருவரும் கல்லூரி மாணவர்களுக்குப் பத்திகளைக் கொடுத்து, ஒரு சாராரைத் திரும்பப் படிக்கவும் மறு சாராரை நினைவுகூர்ந்து எழுதவும் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவுகூர்ந்தவர்கள் முந்திவிட்டார்கள்.

சொல்வதற்குச் சுலபம். நடைமுறையில் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். சிங்கத்தை முயல் கிணற்றுக்குக் கூட்டிப்போன கதையை எடுத்துக்கொண்டோம். பேரன் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு சிங்கம் இருந்துச்சு. முயல் வந்துச்சு. கிணத்துல குதிச்சு செத்துப்போச்சு." என் மகள் உடனே, "அவ்வளவுதானா? முயல் ஏன் லேட்டா வந்துச்சு?" என்று ஆரம்பித்தாள். பையன் வாயை இறுக்கிக்கொண்டான். அந்தச் சமயத்தில் கைகொடுத்தவள் என் மனைவி. அவள் அடுத்த அறையில் இருந்தாள், கதை வாசித்ததைக் கேட்கவில்லை. "யாருடா செத்துப்போனது, முயலா?" என்றாள் நிஜமாகவே தெரியாமல். "இல்ல பாட்டி, சிங்கம்!" "சிங்கம் எதுக்குடா கிணத்துல குதிக்கணும்?" "உள்ள இன்னொரு சிங்கம் இருக்குன்னு நினைச்சுடுச்சு. அது அதோட நிழல்தான். முயலுக்கு அது தெரியும், சிங்கத்துக்குத் தெரியாது." பிம்பம் என்று நான் திருத்தப் போனேன், மனைவி முறைத்தாள்.

முயலுக்குத் தெரிந்தது சிங்கத்துக்குத் தெரியாது. கதையின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஐந்து கேள்விகளில் அது வந்திருக்காது, வந்திருந்தாலும் அவன் தேடி எடுத்து எழுதியிருப்பான். விடை தெரிந்தவர் கேட்பது பரீட்சை என்று பிள்ளைக்குத் தெரியும். தெரியாதவர் கேட்டால் கதை சொல்லத் தோன்றுகிறது. அதனால் வீட்டில் யாராவது ஒருவர் கதை தெரியாதவராக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் இல்லாவிட்டால் போனில் யாருக்காவது சொல்லட்டும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது, கட்டுரையாளர் அதைத் தொடவே இல்லை. புத்தகத்தில் "வந்துகொண்டிருந்தான்" என்று இருக்கிறது, வீட்டில் "வந்துட்டிருந்தான்" என்கிறோம். வாசித்ததை எழுத்துத் தமிழிலேயே திருப்பிச் சொல்லச் சொன்னால், பிள்ளை மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும், அல்லது பேசாமல் உட்கார்ந்திருக்கும். பேச்சுத் தமிழிலேயே சொல்லட்டும், தடுக்காதீர்கள். புத்தகச் சொற்கள் தாமாக உள்ளே வரும். இப்போதெல்லாம் பேரன் கதை நடுவே "அப்ப அந்தச் சிங்கம் திகைச்சு நின்னுச்சு" என்கிறான். திகைப்பு எங்கள் வீட்டில் யாரும் பேசுகிற சொல் இல்லை, புத்தகத்திலிருந்து வந்தது.

கதை நன்றாகச் சொல்கிற பிள்ளை அறிவியல் பத்தியில் தடுமாறுவதும் உண்டு. அதற்குத் திறமைக் குறைவுதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் பள்ளி மாணவர்களுக்கு பேஸ்பால் ஆட்டம் பற்றிய பகுதி ஒன்றைக் கொடுத்து, மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்டியும் வாயாலும் திருப்பிச் சொல்ல வைத்தார்கள். வாசிப்பில் சுமாரானவர்கள், ஆட்டம் தெரிந்திருந்தால், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிடத் தெளிவாகச் சொன்னார்கள். என் பேரனும் ஆக்டோபஸ் பற்றி முதலில் வாசித்தபோது ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சில வாரங்கள் கடல் பிராணிகளைப் பற்றியே வாசித்தோம். பிறகு அவனே, "அதுக்கு மூணு இதயம் தாத்தா. ரெண்டு செவுளுக்கு, ஒண்ணு உடம்புக்கு. நீந்துனா அந்த உடம்பு இதயம் நின்னுடும், அதான் தரையில ஊர்ந்தே போகுது" என்றான். அந்த "அதான்" என்ற சொல்லுக்காகத்தான் இத்தனை பாடும். வாரத்துக்கு ஒரு புதுத் தலைப்பு என்று தாவாமல் ஒன்றிலேயே கொஞ்ச காலம் கிடப்பது நல்லது.

இப்போது உங்களிடம் ஒரு கோரிக்கை. சிறுவர் பக்கத்தில் கதைக்கு அடியில் போடும் கேள்விகளை எடுத்துவிட்டு அந்த இடத்தையும் கதைக்கே கொடுங்கள். கதையைச் சுருக்கும்போது முதலில் கத்தரி படுவது "ஏனென்றால்", "இருந்தாலும்", "அதற்குள்" போன்ற சொற்களில்தான். புரூஃபில் பல தடவை பார்த்திருக்கிறேன். வாக்கியம் சின்னதாகிவிட்டதால் பிள்ளைக்குச் சுலபம் என்று நினைக்கிறோம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று காட்டும் சொற்களைத்தான் பிடுங்கியிருக்கிறோம். இடம் போதாவிட்டால் ஒரே கதையை இரண்டு வாரமாகப் பிரித்துப் போடலாம். இரண்டாவது வாரம் "முன்கதைச் சுருக்கம்" மட்டும் போடாதீர்கள். அதைப் பிள்ளைகள் சொல்லிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரூஃப் ரீடர் ஒருவர்