மலையகத்துக் கணினிக் கடைக்காரர்களுக்கு: பில்லில் சிப்பின் பெயரையும் எழுதுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று நம்முடைய டவுன்களில் கணினிக் கடை நடத்தும் முதலாளிமார்களுக்கும், கவுன்டரில் நின்று சாமான் எடுத்துத் தரும் தம்பி தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

உங்களிடம் கேட்க ஒரு விஷயம்தான் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்ட் விற்கும்போது பெட்டியில் அச்சடித்த பெயரோடு நிறுத்தாமல், உள்ளே இருக்கும் சிப்பின் பெயரையும் அதன் டிவைஸ் ஐடி என்ற அடையாள எண்ணையும் பில்லில் எழுதுங்கள். புதியதா, பாவித்ததா என்பதையும் எழுதுங்கள். எழுதியது ஒன்று, கொடுத்தது வேறொன்று என்றால் கார்டைத் திருப்பி எடுங்கள்.

நான் ஹட்டன் பக்கம் கம்பியூட்டர் பொருத்தியும் திருத்தியும் பிழைப்பவன். என்னைத் தேடி வருபவர்களில் நிறையப் பேர் கல்யாண வீடியோ ஸ்டூடியோக்காரர்கள். கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, தோட்டத்துக் கோயில் தேர் என்று வருஷம் முழுக்க எடுத்து, எடிட் பண்ணி, பென் டிரைவில் போட்டுக் கொடுப்பவர்கள். பலர் கொழும்பில் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் வேலை பழகிவிட்டு ஊருக்குத் திரும்பியவர்கள். அங்கே ஆப்பிளின் எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் ப்ரோவில் கை பழகிவிட்டது. ஆனால் ஆப்பிள் கம்பியூட்டர் வாங்க வழியில்லை. 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபா சொச்சத்தில் இருந்தது, மே மாதத்துக்குள் 360 வரை போனது. அதன்பிறகு சொந்த மேக் என்பதைப் பலர் நினைப்பதுகூட இல்லை. அதனால் சாதாரண இன்டெல் போர்ட், புரொசெசர், ராம் எல்லாம் சேர்த்து மெஷின் கட்டி, ஓப்பன்கோர் என்ற பூட் மென்பொருள் வழியாக அதில் ஆப்பிளின் ஓ.எஸ் ஆன மேக்ஓஎஸ்ஸை ஏற்றிப் பாவிக்கிறார்கள். ஹாக்கின்டோஷ் என்று சொல்வது இதைத்தான்.

ஆப்பிளின் உரிம ஒப்பந்தம் மேக்ஓஎஸ்ஸை ஆப்பிள் கம்பியூட்டரில் மட்டும்தான் ஏற்ற அனுமதிக்கிறது. அதனால் இப்படிக் கட்டிய மெஷினுக்கு ஆப்பிளும் பொறுப்பில்லை, கார்ட் செய்த கம்பனியும் பொறுப்பில்லை. உங்களைப் பொறுப்பேற்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. ‘இந்தக் கார்ட் மேக்ஓஎஸ்ஸில் ஓடும்’ என்ற உத்தரவாதம் யாருக்கும் வேண்டாம். என்ன கார்ட் என்று சரியாகச் சொன்னால் போதும். ஓடுமா ஓடாதா என்று பார்த்துக்கொள்வது எங்கள் வேலை.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மேக்ஓஎஸ் பெட்டியைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கார்டுக்குள்ளும் நான்கு எழுத்தில் ஒரு அடையாள எண் இருக்கிறது. ஆப்பிள் தன் டிரைவருக்குள் (கார்டை ஓட வைக்கும் மென்பொருள்) எழுதி வைத்திருக்கும் பட்டியலில் அந்த எண் இருந்தால் கார்ட் முழு வேகத்தில் ஓடும். இல்லாவிட்டால் படம் மட்டும் வரும், மெட்டல் என்ற ஆப்பிளின் கிராபிக்ஸ் வசதி வராது. மெட்டல் இல்லாமல் எடிட்டிங் இல்லை.

கிராபிக்ஸ் சிப் செய்யும் என்விடியா கம்பனியின் கதை உங்களுக்கே ஓரளவு தெரிந்திருக்கும். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு என்விடியா தனியாக வெப் டிரைவர் கொடுத்தது. 2017இல் வந்த ஹை சியரா என்ற மேக்ஓஎஸ் பதிப்போடு அது முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் மொஹாவி வந்தபோது டிரைவர் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. 2060, 1650 போன்ற பிந்திய கார்ட்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பழைய கெப்ளர் சிப் கார்ட்கள் மட்டும் பிக் சர் வரை ஓடின, 2021இல் மான்டரே அவற்றையும் கழற்றிவிட்டது. ஆக, ஜிடிஎக்ஸ் 1060 வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரர் ஹை சியராவிலேயே நிற்கிறார். ஃபைனல் கட்டின் புதிய பதிப்பு அதில் ஏறாது. வேறு வழியில்லாமல் என்விடியாவைக் கழற்றிவிட்டு, அதன் போட்டிக் கம்பனியான ஏ.எம்.டியின் கார்ட் தேடி உங்கள் கடைக்கு வருகிறார். குழப்பம் தொடங்குவது அங்கேதான்.

ஆர்.எக்ஸ் 580ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் இரண்டு கார்ட் இருக்கிறது. ஒன்றில் 2304 ஷேடர் (படக் கணக்குப் போடும் சிறு அலகுகள்), அதன் ஐடி 67டிஎஃப். இதற்கு ஆப்பிள் டிரைவர் உண்டு. மற்றது 2018இல் சீனச் சந்தைக்கென்று ஏ.எம்.டி விட்ட 2048எஸ்.பி என்ற வகை. பெயரில் உள்ளபடியே 2048 ஷேடர்தான், அதாவது ஆர்.எக்ஸ் 570இல் இருக்கும் அளவு. அதன் ஐடி 6எஃப்டிஎஃப். ஆப்பிள் பட்டியலில் அது இல்லை. மூலப் பெட்டியில் 2048எஸ்.பி என்று எழுதியிருக்கும். ஆனால் பெட்டி இல்லாமல், பபிள் கவரில் சுற்றிக் கைமாறி வரும்போது அந்தப் பின்பாதி காணாமல் போய்விடுகிறது. பில்லில் ‘ஆர்.எக்ஸ் 580 8ஜிபி’ என்று மட்டும் இருக்கும்.

பொகவந்தலாவைப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி, நம்ம டவுன் கடை ஒன்றில் அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். கடையின் பெயர் வேண்டாம். ஆவணி மாதம், கல்யாண வேலை குவிந்து கிடந்தது. கார்டைப் போட்டுப் பார்த்தோம், மெஷின் பூட் ஆனது, டெஸ்க்டொப் வந்தது. ஆனால் ஜன்னல் ஒன்றை இழுத்தால் தெறித்துத் தெறித்து நகர்ந்தது. கீழே டாக் என்ற ஐகன் வரிசை கண்ணாடி போல இருக்க வேண்டியது, சாம்பல் பட்டையாகக் கிடந்தது. ‘இந்த மேக் பற்றி’ என்பதைத் திறந்தால் கிராபிக்ஸ் என்ற இடத்தில் ‘டிஸ்ப்ளே 7 எம்பி’ என்று காட்டியது. எட்டு ஜிபி கார்டுக்கு ஏழு எம்பி. ஃபைனல் கட் திறக்கவே இல்லை.

கடைக்குப் போனால், ‘விண்டோஸ்ல வேலை செய்யுது தானே தம்பி, கார்ட்ல பிழை இல்ல’ என்றார்களாம். கார்டில் பிழை இல்லைதான். பில்லில் இருந்தது பிழை. ஐடியை 67டிஎஃப் என்று மாற்றிக் காட்டும்படி ஓப்பன்கோரில் எழுதினேன், ஓடிவிட்டது. ஆனாலும் அவன் 2304க்குக் காசு கொடுத்து 2048 வாங்கியிருக்கிறான். அந்த வித்தியாசத்தை எந்த செட்டிங்கும் திருப்பித் தராது.

இங்கே கொஞ்சம் யோசியுங்கள். அதே கார்டை விண்டோஸ் பாவிக்கும் ஒரு ஏ.எல் மாணவனுக்கு விற்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? டிரைவர் ஏறியிருக்கும், கேம் ஓடியிருக்கும், குறைவாகக் கிடைத்தது அவனுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. எங்கள் மெஷின்கள் எண்ணைப் படிப்பதால் எங்களுக்குத் தெரியவருகிறது. அதனால் இதை ஹாக்கின்டோஷ் வைத்திருக்கும் சிலருடைய பிரச்சினை என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்களிடம் கார்ட் வாங்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

இது 580இல் மட்டும் உள்ள கோளாறு அல்ல. ஜிடி 730 என்ற ஒரே பெயரில் 96 கோர் உள்ள பழைய ஃபெர்மி சிப்பும் வந்தது, 384 கோர் உள்ள கெப்ளர் சிப்பும் வந்தது. ஆர்.எக்ஸ் 550இலும் அப்படித்தான்: லெக்ஸா சிப் என்றால் ஆப்பிள் டிரைவர் கிடையாது. அப்புறம் பெரிய எண் நல்லது என்ற நினைப்பு. ‘ஆர்.எக்ஸ் 6600 முடிஞ்சுது, 6700 எக்ஸ்.டி அதைவிட நல்லது, எடுங்க’ என்று நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். விண்டோஸுக்கு அது சரி. ஆனால் 6600, 6600 எக்ஸ்.டி இரண்டுக்கும் மேக்ஓஎஸ்ஸில் டிரைவர் உண்டு, 6800, 6900 எக்ஸ்.டிக்கும் உண்டு, நடுவில் நிற்கும் 6700 எக்ஸ்.டிக்கு ஆப்பிள் டிரைவர் தரவே இல்லை. 7000 வரிசைக்கும் இல்லை. கேட்டு வந்த மொடல் கடையில் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள், அது பெரிய உதவி. தவறான கார்டை மாற்ற கொழும்புக்குப் போவதென்றால் விடிகாலை பஸ் ஏறி, கினிகத்தேனை, அவிசாவளை தாண்டிப் போய்த் திரும்ப ஒரு நாள் கூலி போய்விடும்.

பாவித்த கார்ட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்ட்களை ஓடவிட்டுக் காசு சேர்க்கும் மைனிங் முறையைக் கைவிட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்ட்கள் உலகமெங்கும் சந்தைக்கு வந்தன, இங்கேயும் வந்து சேர்ந்தன. அவற்றை விற்பது குற்றமில்லை, வாங்கும் வசதி பலருக்கு அவ்வளவுதான். ஆனால் மைனிங்குக்காக வீடியோ பயோஸை, அதாவது கார்டுக்குள் பதிந்திருக்கும் இயக்க மென்பொருளை, மாற்றி எழுதிய கார்ட்கள் அதில் இருக்கின்றன. அவை விண்டோஸில்கூடச் சில நேரம் தடுமாறும், மேக்ஓஎஸ்ஸில் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். மூல பயோஸைத் திரும்ப எழுதி, ஒரு மணி நேரமாவது லோட் கொடுத்துப் பார்த்துவிட்டு, ‘பாவித்தது’ என்று எழுதி விற்றால் யாருக்கும் மனக்குறை வராது.

ஐடி எப்படிப் பார்ப்பது என்று கவுன்டரில் நிற்கும் தம்பிமார் கேட்கலாம். கடை மெஷினில் கார்டைப் போட்டு ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் சிப்பின் பெயர், ஷேடர் எண்ணிக்கை, டிவைஸ் ஐடி மூன்றும் ஒரே பக்கத்தில் தெரியும். அதைப் போனில் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி.

உங்கள் கடையிலேயே கார்டை மாற்றிக் கொடுப்பதாக இருந்தால், பெட்டியைத் திறக்குமுன் ‘என்ன ஓ.எஸ்?’ என்று கேட்டுவிடுங்கள். மேக்ஓஎஸ் என்றால் பூட் ஃபைல்கள் உள்ள ஈஎஃப்ஐ ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் எடுத்து, அதிலிருந்து பூட் ஆகிறதா என்று பார்த்த பிறகே கையை வையுங்கள். என்விடியாவிலிருந்து மாறுகிறவர் என்றால் பழைய கார்ட் மெஷினில் இருக்கும்போதே வெப் டிரைவரை நீக்கிவிட வேண்டும். ஆர்.எக்ஸ் 5000, 6000 வரிசை என்றால் ‘agdpmod=pikera’ (ஏஜிடிபிமோட்=பிக்கேரா) என்ற வரியை ஆங்கில எழுத்தில் ஓப்பன்கோரின் பூட் ஆர்கியூமன்ட்டில் முன்கூட்டியே சேருங்கள். அது இல்லாததால் வரும் கறுப்புத் திரையைப் பார்த்து, நல்ல கார்டைப் பழுது என்று ஒதுக்கியவர்கள் உண்டு. எஃப் என்று முடியும் இன்டெல் புரொசெசரில் உள் கிராபிக்ஸ் கிடையாது, அதில் போர்டின் எச்டிஎம்ஐயில் கேபிளை மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

கார்டுக்கு எட்டு பின் பவர் தேவை, பவர் சப்ளையில் அது இல்லை என்றால் டிஸ்க்குக்கான சாட்டா கனெக்டரிலிருந்து மாற்றும் வயரைப் போட்டுக் கொடுக்காதீர்கள். எட்டு பின் 150 வாட் வரை இழுக்கும், சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் 54 வாட்தான் தாங்கும். உருகிவிடும், சில நேரம் தீயும் பிடிக்கும். லயத்து வீட்டின் முன்னறையில் ஸ்டூடியோ நடத்துபவர்கள் இருக்கிறார்கள், அதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றைக் கைகூப்பிக் கேட்கிறேன். இந்த மெஷின்களின் டிஸ்க்கை விண்டோஸ் படிக்காது. வெறும் டிஸ்க் மாதிரித்தான் தெரியும். வாடிக்கையாளரைக் கேட்காமல் ஃபோர்மட் அடித்து விண்டோஸ் ஏற்றிக் கொடுக்காதீர்கள். உள்ளே யாரோ ஒரு குடும்பத்தின் கல்யாணம் இருக்கும். பெண்ணின் தாத்தா ஆசீர்வாதம் பண்ணியது அதில் மட்டும்தான் இருக்கும்.

‘இந்த மெஷின்களுக்கு இனி எத்தனை நாள்?’ என்று ஒரு முதலாளி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 2025இல் வந்த மேக்ஓஎஸ் டாஹோதான் இன்டெலுக்குக் கடைசி என்று ஆப்பிளே சொல்லிவிட்டது, அதற்குப் பிறகு புதிய பதிப்பு வராது. ஆனால் ஏற்றியிருக்கும் பதிப்பு அப்படியே ஓடும், கல்யாண வீடியோ வெட்ட அது போதும். இன்னும் சில வருஷம் இந்த மெஷின்களால் பல வீடுகளில் அடுப்பு எரியும். அதுவரை கார்ட் பழுதாகும், சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி மின்னலில் சிலது போகும், மாற்றுக் கார்ட் கேட்டு உங்களிடம்தான் வருவார்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டம் வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தைத் தடுக்கிறது. அதைக் காட்டி யாரையும் மிரட்டும் எண்ணம் எனக்கில்லை. உங்களில் பலர் கடனுக்குச் சாமான் கொடுத்து இந்த ஸ்டூடியோக்களைத் தொடங்க வைத்தவர்கள் என்பதை நான் மறக்கவில்லை. மொத்த வியாபாரி உங்களுக்கே 580 என்று மட்டும் எழுதித்தான் அனுப்புகிறார் என்பதும் தெரியும். நீங்கள் ஐடி பார்த்து வாங்கத் தொடங்கினால் அவரும் எழுதி அனுப்ப வேண்டிவரும்.

அடுத்த லொட் கார்ட் வரும்போதே தொடங்கிவிடுங்கள். ஜிபியு-இசட் பாவிக்கவோ, பயோஸ் திரும்ப எழுதவோ பழக வேண்டும் என்றால் ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைக் கடைகளுக்கு நானே வந்து காட்டித் தருகிறேன், காசு வேண்டாம். எந்தக் கார்டுக்கு டிரைவர் உண்டு, எதற்கு இல்லை என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதித் தருகிறேன். கவுன்டருக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு கணினித் திருத்துநர்