புத்தகம் அடுக்கவா இவ்வளவு படித்தாய்?

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? போன வாரம் போனில் கேட்டீர்களே, "புத்தகம் அடுக்கவா அவ்வளவு தூரம் போய்ப் படிச்சே?" என்று. லைன் சரியில்லை என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது, பதில்தான் இல்லை. இன்று மாலை ஷிஃப்ட் முடிந்து வந்துவிட்டேன், எழுதிவிடுகிறேன்.

ஆமாம் அப்பா, நூலகவியல் படித்துவிட்டு, இங்கே ஒரு நூலகத்தில் புத்தகம்தான் அடுக்குகிறேன். வேலை தேடிய ஏழு மாதக் கதையை முழுதாகச் சொல்லி உங்களை வருத்தப்பட வைக்க மாட்டேன். "புதியவர்களுக்கான பணி" என்று விளம்பரம் போட்டிருப்பார்கள், அதற்குக் கீழேயே "இரண்டு ஆண்டு அனுபவம் தேவை" என்றும் இருக்கும். ஓரிடத்தில் மூன்று சுற்று நேர்காணல் வைத்தார்கள், அப்புறம் ஒரு வரி பதில்கூட இல்லை. கடைசியில் இந்த வேலையை வாங்கித் தந்தது ஆய்வேடு இல்லை, படிக்கும்போது பயிற்சிக்காக, வாசகர்கள் திருப்பித் தந்த புத்தகங்களை வண்டியில் தள்ளிக்கொண்டு திரிந்த மூன்று மாதம். இப்போதைக்குப் பகுதிநேரம், ஒப்பந்தம், பாதி நாள் மாலை ஷிஃப்ட்.

அடுக்குவது சும்மா இல்லை. ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் அதன் பொருளுக்கான எண் ஒட்டியிருக்கும், அந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். 005.133 என்ற எண்ணுக்குப் பிறகுதான் 005.2 வரும். 133 பெரிய எண்ணாயிற்றே என்று மாற்றி வைத்தால் போச்சு. கணினி "அலமாரியில் உள்ளது" என்று சத்தியம் செய்யும், தேடி வந்தவர் கையில் கிடைக்காது. தவறான இடத்தில் இருக்கும் புத்தகம் தொலைந்த புத்தகம்தான். தினமும் அரை மணி நேரம் ஒரு வரிசையைத் தொட்டுத் தொட்டு எண் சரிபார்க்கிறேன். அப்படியே ஊரும் பிடிபடுகிறது. எந்த நூல் முதுகு உடைந்து வருகிறது, எது வாங்கிய நாளிலிருந்து மடிப்புக் கலையாமல் நிற்கிறது என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

தகவல் மேசை வேறு உலகம். யாரும் தனக்கு வேண்டியதை முதல் கேள்வியில் கேட்பதில்லை. போன வாரம் ஓர் அம்மா வந்து, "சட்டப் புத்தகம் எங்கே?" என்றார். அலமாரியைக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. "எதைப் பற்றித் தேடுகிறீர்கள்?" என்றேன். கொஞ்சம் தயங்கி, வீட்டைக் காலி செய்த பிறகு முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார்கள் என்றார். அவருக்கு வேண்டியது சட்டத்துக்கான 340-ஆம் எண்ணில் இருக்கும் தடித்த நூல் இல்லை, வாடகைதாரர்களுக்கான கையேடும் இலவச சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்ற விவரமும்தான். இரண்டையும் எடுத்துக் கொடுத்தேன். "நீங்களே சொல்லுங்கள், பணம் கிடைக்குமா?" என்றார். அதை மட்டும் சொல்லக் கூடாது. நாங்கள் காட்டலாமே தவிர, வக்கீல் ஆகிவிடக் கூடாது. வாயைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. (மீதி நேரமெல்லாம் பிரின்டரில் சிக்கிய காகிதத்தை இழுப்பதில் போகிறது. அதற்கும் ஒரு பாடம் வைத்திருக்கலாம்.)

முதல் வாரம் எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. அப்போது இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும் எஸ். ஆர். ரங்கநாதனை நினைத்துக்கொண்டேன். கணக்கு வாத்தியாராக இருந்தவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சில நாளிலேயே தனிமை தாங்காமல், திரும்பிப் பாடம் நடத்தப் போகிறேன் என்று போய் நின்றாராம். லண்டன் போய்ப் பார்த்துவிட்டு வாரும் என்று அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் 1931-ல் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளைத்தான் இங்கே முதல் பருவத்தில் எங்களுக்கு நடத்தினார்கள். வகுப்பில் அவர் பெயரைத் திக்காமல் சொன்னது நான் ஒருத்திதான்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த நாட்டில் பெயரின் கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர். அதனால் எல்லாரும் என்னை உங்கள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், அப்பா. முதலில் திரும்பிப் பார்க்கவே மாட்டேன்.

இதே குழப்பம் புத்தகத்திலும் உண்டு. உள்ளறையில் நன்கொடையாக வந்த தமிழ்ப் புத்தகங்கள் மூன்று பெட்டி கிடந்தன. படிக்கத் தெரிந்தவர் இல்லாததால் பட்டியலில் ஏறவே இல்லை. மேலாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரே எழுத்தாளர், ஒரு நூலில் முன்னெழுத்தோடு இருக்கிறார், இன்னொன்றில் அப்பா பெயரை முழுதாகப் பின்னால் போட்டிருக்கிறார். அப்படியே ஏற்றினால் கணினிக்கு அவர் இரண்டு ஆள். எல்லா வடிவத்தையும் ஒரே பெயரின் கீழ் கொண்டு வந்து கட்ட வேண்டும். கணினிப் பட்டியலில் ஒவ்வொரு விவரத்துக்கும் எண்ணிட்ட ஒரு கட்டம், அதாவது புலம், உண்டு. தலைப்பை 245 என்ற புலத்தில் ரோமன் எழுத்தில் தட்டுகிறேன், தமிழ் எழுத்து 880 என்ற புலத்துக்குப் போகிறது. ரோமன் எழுத்தில் ழகரத்துக்கு l-இன் அடியில் கோடு, ளகரத்துக்கு அதே l-இன் அடியில் புள்ளி. கை தவறினால் வாழை வாளை மீனாகிவிடும்.

அப்புறம் முதுகில் ஒட்டும் எண். ஆங்கில இலக்கியத்துக்கு 820, மூன்றே இலக்கம். நம் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. மெல்வில் டியூயி என்ற அமெரிக்க நூலகர் 1876-ல் இந்த எண் முறையை வெளியிட்டபோது தனக்குத் தெரிந்த மொழிகளுக்குத் தாராளமாக இடம் போட்டார், மிச்ச உலகம் முழுவதையும் 890-க்குள் தள்ளிவிட்டார். மெலிந்த கவிதை நூல் ஒன்றின் முதுகில் இந்த எண்ணை ஒட்ட இடமே இல்லை, கடைசியில் அட்டை மேல் ஒட்டினேன். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த எண்ணில் ஒரு வரிசை இப்போது நிற்கிறது, 41 நூல்கள்.

உங்களால் ஓர் உதவி வேண்டும். பெட்டியில் ஒரு சிறுகதைத் தொகுப்பு, அட்டையும் இல்லை, தலைப்புப் பக்கமும் இல்லை. எதுவும் தெரியாவிட்டால் நானே ஒரு தலைப்பு வைத்துச் சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும், விதி அப்படி. அதற்கு மனம் வரவில்லை. முதல் கதையின் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பாருங்கள், யார் நடை என்று உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலை ஷிஃப்ட், மதியத்துக்கு மேல் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்