ஆறு மணிச் செய்தியும் அந்தக் கிணறும்

ஆசிரியருக்கு,

பிபிசி தொலைக்காட்சியில் செய்தி வாசித்த ஜோர்ஜ் அழகையா 2023 ஜூலை 24 அன்று காலமானார். பிபிசியின் ஆறு மணிச் செய்தி தொடங்கினால் என் அம்மா கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காருவார். ஆங்கிலம் பாதிதான் விளங்கும். "எங்கட பிள்ளை வாசிக்குது" என்பார்.

1955இல் கொழும்பில் பிறந்து, கானாவில் வளர்ந்து, இங்கிலாந்தில் படித்தவர் அவர். 1989இல் பிபிசியில் சேர்ந்தார். ருவாண்டா, சோமாலியா என்று போய்ச் செய்தி தந்தார். அதெல்லாம் பெரிய விஷயம்தான். ஆனால் எனக்கு மறக்காதது, 2004 சுனாமிக்குப் பிறகு அவர் தாத்தாவின் வீட்டைத் தேடிப் போனதுதான். வீடு இடிந்து கிடந்தது. சின்ன வயதில் சகோதரிகளோடு விளையாடிய கிணறு மட்டும் இருந்தது. அதை வைத்துத்தான் இடத்தை அடையாளம் கண்டார்.

2014இல் அவருக்குக் குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. ஸ்காட்லாந்தில் 50 வயதிலேயே பரிசோதனை, இங்கிலாந்தில் 60இல்தான் என்ற வேறுபாட்டை வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். இப்போது இங்கேயும் 50தான்.

எனக்கு 54. தபாலில் வந்த, மல மாதிரி எடுத்து அனுப்பும் பரிசோதனைப் பொதி ஒரு மாதமாக அலமாரியில் கிடந்தது. நேற்று அனுப்பிவிட்டேன். உங்கள் வாசகர்களும் தயவுசெய்து அனுப்புங்கள்.

ஒரு வாசகி,
ஈஸ்ட் ஹாம், லண்டன்